மூச்சு இலகுவாக வந்த முகமூடி

சூரிச்சின் ஓர்லிகோனில் ட்ராமை விட்டு இறங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் மட்டும் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினாலும் முன்பக்கம் வரை நடந்து போவான். சாரதியின் கண்ணாடிக்கு நேரே நின்று கையை நெஞ்சுவரை உயர்த்தித் தலையை ஒருமுறை ஆட்டுவான். அதன் பிறகுதான் தெருவைக் கடப்பான். சில சாரதிகள் விளங்காமல் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் அவனுக்கென்று மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் புறப்படுவார். அவன் மனைவிக்கு இது பெரிய வெட்கம். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மனிதனைத் தெரியாதவள் போல முன்னே போய்விடுவாள்.

அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு மறந்துபோக எவராலும் முடியாது. அவன் மறக்க விடமாட்டான். வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்துச் சலவையறையில் உடுப்புத் தோய்த்ததற்காக இரண்டாம் மாடிக் கிழவி அவனைப் படிக்கட்டில் நிறுத்திவைத்துத் திட்டினாள். மற்றவர்கள் என்றால் அன்றிலிருந்து அவளுக்கு முகம் கொடுக்கமாட்டார்கள். அவன் அடுத்த நாள் ஒரு தட்டில் வடையோடு போய் அவள் கதவைத் தட்டினான். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு இந்த ஊர் வழக்கம் தெரிந்திருக்காது, நன்றி என்று தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு ஜெர்மன் சொற்களில் சொன்னான். கிழவி வடையைத் துணியால் துடைத்துவிட்டுத் தின்றாளாம். எண்ணெய் கூடிவிட்டது என்று அதற்கும் ஒரு திட்டு. அதற்கும் அவன் நன்றி சொன்னான்.

அவன் மிக அதிகமாக நன்றி சொன்னது எனக்குத்தான். நான் எழுத வந்ததும் அதைப் பற்றித்தான்.

எனக்கு அவனைப் பாலைவனத்தில் தெரியும். வளைகுடாச் சண்டை தொடங்குவதற்கு முந்திய மாதங்கள் அவை. வெளிநாட்டுப் படைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு முகாம் கட்டிக்கொடுக்கும் ஒப்பந்தக் கம்பனி ஒன்றில் நான் களஞ்சியப் பொறுப்பாளன். அப்போதே ஐம்பதை நெருங்கியவன், பட்டதாரி, ஆங்கிலம் தெரிந்தவன், ஆகவே மேசையும் திறப்புக்கோர்வையும் எனக்கு. அவன் தண்ணீர்த் தாங்கி லொறி, எங்கள் பேச்சில் பவுசர், ஓட்டினான். ஊரில் பரந்தன் பக்கத்தில் நெல் லொறி ஓட்டியவன்.

இந்த வயதில் அந்த இடத்தை நினைத்தால் நான் பார்த்ததா கனவு கண்டதா என்று எனக்கே நிச்சயமில்லை. காலையில் ஒன்றுமில்லாத மணல். புல்டோசர் வந்து அதை மேசை போலச் சமப்படுத்தும். பின்னால் லொறிகள் சரளைக்கல்லைக் கொட்டிக்கொண்டு போகும், புழுதி எழும்பக்கூடாதென்று. அதன்மேல் மரத்தட்டு, மரத்தட்டின்மேல் கூடாரம், கூடாரத்துக்குள் கட்டில். பின்னேரம் ஆகும்போது அங்கே ஒரு நகரம் நிற்கும். குளியலறை வரிசை, சமையற்கூடம், மின்பிறப்பாக்கிகளின் இரைச்சல், உயரமான கம்பங்களில் வெள்ளை வெளிச்சம். ஆனால் ஒரு மனிதரும் இல்லை. படை வந்து சேருமுன்னர் அந்த நகரம் வெறுமையாகக் கிடக்கும். காற்றுக்குக் கூடாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வயிறு புடைத்து, ஒரே நேரத்தில் ஒடுங்கும். யாரோ பெரிய ஒருவர் படுத்து உறங்குவது போல இருக்கும். அவன் தொட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு, அந்த ஆளில்லாத தெருக்களில் பவுசரை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு வருவான். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால், சும்மா ஊர் பார்த்தனான் அண்ணை என்பான்.

அவனோடு அதே பவுசரை மாறி மாறி ஓட்டியவன் ஒரு வவுனியாக்காரன். ஓயாமல் பகிடி விடுகிற ஆள். இவன் காலையில் பவுசரை இயக்குமுன் அதன் மூக்கைத் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்து, "உதுக்கு ஒரு பொட்டையும் வைச்சு விடன்" என்று சொல்வான். அடுத்த நாள் உண்மையாகவே பொட்டு இருக்கும்.

பிறகு நச்சுப்புகையைப் பற்றிய கதை வந்தது. வடக்கேயிருந்து ஏவுகணையில் அனுப்புவார்களாம், மூச்சில் பட்டால் மனிதன் புழுப்போலச் சுருண்டுவிடுவானாம். படையினர் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு முகமூடிப் பை தொங்கியது. எங்கள் கம்பனியில் மேலதிகாரிகளுக்கு மட்டும் வந்தது. லொறிக்காரருக்கு இல்லை. ஒரு நாள் காலையில் பவுசர்கள் எல்லாம் வரிசையாக நின்றன. சாரதிகள் அவற்றின் நிழலில் குந்தியிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. வடக்கு முகாமுக்குப் போகமாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள்.

மேலாளர் என் மேசைக்கு வந்தார். அங்கே தண்ணீர் முடியப்போகிறது, நீ அவர்களுடைய ஆள்தானே, எதையாவது கொடுத்து ஏற்றிவிடு என்றார்.

களஞ்சியத்தின் மூலையில் ஒரு பெட்டி கிடந்தது. பயிற்சிக்கென்று வைத்திருந்த பழைய முகமூடிகள். எப்படி மாட்டுவது, எப்படி இறுக்குவது என்று பழகுவதற்கானவை. காற்றை வடிக்கும் மருந்து இருக்க வேண்டிய தகரக்குடுவைக்குள் பஞ்சைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு அது தெரியும். ரப்பர் வெடிக்காமல் முழுசாக ஒன்றே ஒன்று இருந்தது. நான் அதைத் துடைத்தேன். யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவும் செய்தேன். அவன் ஏறினால் மற்றவர்கள் ஏறுவார்கள். அவன் எவரையும் ஏமாற்றமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஒண்டுதான் கிடைச்சது. உனக்கெண்டு எடுத்து வைச்சனான்," என்றேன்.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அங்கேயே மாட்டிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் நனைந்திருந்தன. கழற்றிவிட்டு, "மூச்சு சுகமாய் வருது அண்ணை. ஆமிக்காரன் ஒருத்தன் தன்ரையைப் போட்டுப் பாக்கத் தந்தவன், அதிலை இழுத்தாலும் காத்து வராது. இது நல்ல சாமான்," என்றான்.

உள்ளே ஒன்றும் இல்லாததால்தான் காற்று அவ்வளவு சுகமாக வந்தது. நான் தலையை ஆட்டினேன். மத்தியானத்துக்குள் எல்லாப் பவுசர்களும் வடக்கு வீதியில் ஏறிவிட்டன.

நச்சுப்புகை வரவே இல்லை. ஆகவே என் பொய்யை எவரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை. வவுனியாக்காரன் மட்டும் இறந்தான். அது வேறு காரணத்தால். புழுதி மூடியிருந்த ஒரு காலையில், வடக்கு வீதியில், யுத்த டாங்கி ஏற்றிவந்த நீளமான லொறி ஒன்று எதிர்ப்பக்கத்தால் வந்து பவுசரில் மோதியது. அன்று அவனுடைய முறை. அந்த வீதியில் எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். நான் அதையும் முகமூடியையும் ஒருபோதும் சேர்த்து நினைத்ததில்லை.

சண்டை முடிந்ததும் நகரம் போய்விட்டது. கூடாரங்களை மடித்தார்கள், மரத்தட்டுகளை அடுக்கினார்கள். சரளைத் தெருக்கள் மட்டும் மணலில் வரிவரியாகக் கிடந்தன. நான் ஊருக்குப் போய், அங்கே இருக்க முடியாமல், பிறகு சுவிசுக்கு வந்தேன். சூரிச்சில் ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை. பாலைவனத்தை நான் மறந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நவம்பர் மாதம். ஓர்லிகோனில் பனிப்புகார் கூரைகளுக்குக் கீழே இறங்கி, எதிரில் வருகிறவரை ஐந்து அடியில்தான் காட்டும். அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒருவன் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தான். நான் அவனை அறியவில்லை. அவன் என் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். பிறகு சொன்னான், "ஸ்டோர் அண்ணை."

அவன் ஊருக்குப் போகாமலே, பாலைவனத்திலிருந்து முகவர் ஒருவர் மூலம் நேராக இங்கே வந்திருந்தான். வரும்போது கொண்டுவந்த பையில் இரண்டு சாரமும் அந்த முகமூடியும். எல்லையில் அதிகாரிகள் அதை எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். அவர்களுக்கும் நன்றி சொல்லியிருப்பான்.

அன்றிலிருந்து எனக்கு ஓர்லிகோனில் ஒரு புதிய பெயர் உண்டாயிற்று. அவன் என்னை ஆட்களிடம் கூட்டிக்கொண்டு போனான். தமிழ்க்கடை முதலாளியிடம், கோயில் ஐயரிடம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீடுகளில் முன்வரிசையில் இருந்தவர்களிடம். எனக்கு உயிர் தந்த மனிசன் இவர்தான் என்று தொடங்குவான். கதை எப்போதும் ஒரே மாதிரி. பவுசர்கள் நின்றது, நான் அவனுக்கென்று எடுத்து வைத்தது, மூச்சு சுகமாக வந்தது. கடைசியில் வவுனியாக்காரனைப் பற்றி ஒரு வரி. ஒரு முகமூடியை இரண்டு பேரும் மாறி மாறி வைத்திருந்தோம், பாவம், வீதியில் போனான், ஆனால் பயமில்லாமல் போனான். கேட்டவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். கடைக்காரர் நல்ல முருங்கைக்காயை எனக்கென்று உள்ளே எடுத்து வைப்பார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்த்தான் நெஞ்சு கனக்கும்.

நாலைந்து ஆண்டுகள் இப்படிப் போயின. அவனுக்குத் தான் குடியிருந்த கட்டடத்தையே பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. படிக்கட்டுக் கழுவுதல், பனி வழித்தல், குப்பை வைத்தல். சுவிசில் வீடுகளுக்குக் கீழே சண்டைக் காலத்துக்கென்று ஒரு பதுங்கு அறை இருக்கும். ஒரு முழம் தடித்த கொங்கிறீட் கதவு, காற்றை வடிக்கிற இயந்திரம். ஊரில் குண்டுவீச்சுக்குப் பதுங்கத் தோண்டிய குழியைப் போல, எங்கள் ஆட்கள் அதையும் பங்கர் என்றே சொல்வார்கள். குடியிருப்பவர்கள் அதற்குள் பனிச்சறுக்குப் பலகையும் உருளைக்கிழங்கும் போத்தல்களும் வைத்திருப்பார்கள்.

"எங்கட பங்கருக்குள்ளை பாம்பு இருந்தது. இவையின்ரை பங்கருக்குள்ளை வைன் இருக்கு," என்று அவன் சொல்வான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அவர் கீழே பங்கருக்குப் பெயின்ற் அடிக்கிறார் அண்ணை என்றாள் மனைவி. மேலே மணம் வருகிறதென்று இரண்டாம் மாடிக் கிழவி ஏசியதால் கதவைப் பூட்டிக்கொண்டுதான் அடிக்கப் போகிறாராம். மருந்து கலந்த பெயின்ற், தலை சுற்றுமாம். கட்டட நிர்வாகத்துப் பொறுப்பாளர் ஒரு புது முகமூடி தந்தார், இவர் அதை வேண்டாமென்று விட்டார். தன்னிடம் ஆமிச் சாமான் இருக்கிறதாம்.

நான் படிகளில் இறங்கினேன். வேகமாக இறங்கினேன் என்றுதான் நினைவு. ஆனால் கனவில் போல அந்தப் படிகள் முடியாமல் போய்க்கொண்டிருந்தன.

அவன் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான். சாம்பல்நிறப் பெயின்ற் வாளிகள் இரண்டு திறந்திருந்தன. முகமூடி கழுத்தில் தொங்கியது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பாருங்கோ அண்ணை, இன்னும் வேலை செய்யுது," என்றான்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வசனம். அது பழசாய்ப் போச்சு, மருந்து செத்திருக்கும், புதியதைப் போடு. அவ்வளவுதான். அவன் உடனே கேட்டிருப்பான். எனக்கு நன்றியும் சொல்லியிருப்பான். அந்த வசனம் என் வாயில் வந்தது என்பதும் உண்மை. ஆனால் இவ்வளவு காலம் சுமந்ததை இறக்கி வைக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குள் ஒன்று சொன்னது. அவன் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்ற சாட்டில் நான் முழுவதையும் சொன்னேன். பெட்டியை, பஞ்சை, மேலாளரை, அவனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை. எதையும் குறைக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு இலேசாகிக்கொண்டு வந்தது.

அவன் முகமூடியைக் கழற்றினான். குடுவையைத் திருகினான். அது இறுகியிருந்தது. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவன் மறுபக்கம் திருகினான். மஞ்சளாய்ப்போன பஞ்சு கொஞ்சம் வெளியே வந்தது. அதைப் பிய்த்து விரலில் உருட்டினான். கோபிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"அப்ப அவன்?" என்றான்.

எனக்கு விளங்கவில்லை.

"வவுனியாக்காரன். அவன் வரமாட்டன் எண்டு நிண்டவன் அண்ணை. பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகப்போறன் எண்டவன். நான்தான் போய்க் கதைச்சனான். என்னட்டை ஒண்டு இருக்கு, மாறி மாறிப் போடுவம், வா எண்டு. நான்தானே அவனை ஏத்தினன்."

அந்த அறையில் சத்தம் வெளியே போகாது. அவன் சொன்னது அங்கேயே நின்றது. புழுதி, எதிரே வந்த லொறி, அது விதி என்று ஏதோ சொன்னேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை. போய்த் தடித்த கதவை முழுவதாகத் திறந்து வைத்தான். தூரிகையை எடுத்தான்.

"சொன்னதுக்கு நன்றி அண்ணை," என்றான்.

அது குத்தலாகச் சொன்னதில்லை. அவனுக்குக் குத்தலாகப் பேச வராது.

அதன் பிறகு அவன் அந்தக் கதையை ஓரிடத்திலும் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்டால், அது பழைய கதை என்று விட்டுவிடுவான். எனக்கு உறக்கம் நன்றாக வரத் தொடங்கிய அந்த வாரங்களில் அவனுக்கு உறக்கம் போய்விட்டது. மனைவி ஒரு நாள் சலவைப் பகுதியின் வாசலில் வந்து நின்றாள். வேலைக்குப் போகிறாராம், வருகிறாராம், பிள்ளையோடும் கதைப்பதில்லையாம். "அண்டைக்கு பங்கருக்குள்ளை என்ன சொன்னனீங்கள் அண்ணை?" என்று கேட்டாள். நான் அவளிடம் சொல்லவில்லை. பழைய விசயம், ஆறிவிடும் என்றேன். ஒருவரிடம் மறைக்க வேண்டியதை மறைக்க எனக்குத் தெரியும் என்பது அப்போது எனக்கே விளங்கியது.

மாரிக்குளிர் முடியும் தறுவாயில் அவன் என்னைத் தேடி வந்தான். வவுனியாக்காரனின் தாய் கொழும்பில் ஒரு அறையில் இருக்கிறாளாம், தொலைபேசி இலக்கம் எடுத்துவிட்டானாம். அவளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றான்.

வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். வயது போனவள், இத்தனை வருசம் கழித்து எதற்கு என்றேன்.

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்கள் எல்லோ," என்றான். "நீங்கள் கதைக்க வேண்டாம். பக்கத்திலை நிண்டால் போதும்."

நிலையத்துக்கு அருகில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குப் போனோம். ஒரு ஆள்தான் உள்ளே நிற்கலாம். நான் வெளியே நின்றேன். அவன் மூச்சில் கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்து, உருவம் மட்டும் தெரிந்தது. முதலில் அவன் பேசினான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றான். தலை ஆடியது. ஓம் அம்மா, ஓம் அம்மா என்பது மட்டும் எனக்குக் கேட்டது. ட்ராம்கள் வந்து போயின. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அவன் வெளியே வந்து சட்டைக் கழுத்தை மூடினான். நான் கேட்கப் பயந்தேன். அவனே சொன்னான்.

"மகன் கடைசியாய் ரெலிபோன் எடுத்தபோது, எங்களிட்டை முகமூடி இருக்கு, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் எண்டு சொன்னவனாம். அண்டைக்குத்தான் தான் நித்திரை கொண்டதாம். முகமூடி தந்த அந்தப் பிள்ளையைப் பாக்க வேணுமெண்டு இவ்வளவு நாளும் நினைச்சதாம். என்னைத்தான். எனக்கு நன்றி சொன்னா அண்ணை."

"நீ என்ன சொன்னாய்?"

"என்னத்தைச் சொல்லுறது? ஓம் அம்மா, நல்ல முகமூடி எண்டன்."

கொஞ்சத் தூரம் நடந்தான். பிறகு எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், மெதுவாகச் சொன்னான்.

"நான் இறக்கி வைக்க அவ என்ன சுமைதாங்கிக் கல்லோ?"

அவன் என்னை நினைத்து அதைச் சொல்லவில்லை. சத்தியமாக அவளை மட்டும் நினைத்துத்தான் சொன்னான். குளிர் காற்று வீசியது. நான் கிழவன், வழுக்கிவிடுவேன் என்று, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தான்.